மறு: 73939133 மாதிரி பகா எண்களுக்கு தமிழ்ல என்ன பேர்?

வணக்கம்,

> "துண்டிக்கத்தக்க பகா எண்"னு வெச்சா சரியா வருமா?

அண்ணா, இலக்கத்தை ஒண்ணொண்ணா வெட்டிட்டே வந்தாலும் பகா எண்ணாவே நிக்கறதுங்கற பொருள் சரிதான், ஆனா எந்தப் பக்கம் துண்டிக்கறதுங்கறது அதுல வரவே இல்ல, இங்க முக்கியமே அதுதானே. 73939133-ஐ எடுத்துக்கோங்க, கடைசி இலக்கத்தை ஒண்ணொண்ணா எடுத்துட்டே வந்தா 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7னு வரும், எல்லாமே பகா எண். பதின்ம முறையில இந்த மாதிரி மொத்தமே 83 தான் இருக்கு, அதுல பெரிசு இதுதான்.

ஏன் இதோட நின்னுபோச்சுன்னா, பின்னாடி ஒரு இலக்கம் சேர்க்கணும்னா 1, 3, 7, 9 இந்த நாலுதான் சாத்தியம், மத்ததெல்லாம் 2-லயோ 5-லயோ வகுபட்டுடும். இதோட இலக்கங்களைக் கூட்டினா 38. 1 சேர்த்தா 39, 7 சேர்த்தா 45, ரெண்டும் 3-ல போயிடுது. மிச்சம் இருக்கற 739391333, 739391339 ரெண்டும் பகு எண்தான். ஆக வழி அடைஞ்சுபோச்சு.

முன்பக்கத்துலேர்ந்து எடுத்தா கதையே வேற. முன்னாடி 1லேர்ந்து 9 வரைக்கும் எதை வேணா வெச்சுப் பாக்கலாம் (பூஜ்யம் மட்டும் கூடாதுங்கறது விதி), அதனால 4260 எண்கள் கிடைக்குது, பெரிசு 24 இலக்கம்: 357686312646216567629137. இவ்ளோ வித்தியாசம் இருக்கற ரெண்டையும் ஒரே பேர்ல அடைக்கறது எனக்கு மனசு ஒப்பல.

நம்ம இலக்கணத்துலயே இதுக்கு பேர் தயாரா இருக்கு. தாமரை "மரை"ன்னு நின்னா முதற்குறை, நீலம் "நீல்"னு நின்னா கடைக்குறை. எழுத்து போன இடத்துல இலக்கம் போகுது, அவ்ளோதான். அதனால என் பரிந்துரை கடைக்குறைப் பகா எண், முதற்குறைப் பகா எண். ரெண்டு பக்கமும் தாங்கற 739397 மாதிரி எண்ணுக்கு இருபுறக்குறைப் பகா எண், அது மொத்தமே 15 தான். இடைக்குறையை (சொல்லோட நடு எழுத்து போறது) இப்போதைக்கு தொட வேண்டாம், நடுவுல இலக்கம் எடுக்கற வகை தனியா வரும்போது அதுக்கு வேணும்.

குறைவெண்ணோட குழம்பாதான்னு நேத்து கேட்டது நியாயமான கேள்வி. தன்னை விட்டுட்டு மத்த காரணிகளைக் கூட்டினா தன்னைவிட சின்னதா வர்றதுதான் குறைவெண், பகா எண்ணுக்கு அந்தக் கூட்டுத்தொகை எப்பவும் 1 தான்ங்கறதால எல்லா பகா எண்ணும் குறைவெண்தான், அதனால வெறும் "குறைப் பகா எண்"னு எங்கயும் எழுதவே கூடாது, முதலோ கடையோ முன்னாடி கண்டிப்பா நிக்கணும்.

இலங்கை நண்பர்கள் பகா எண்ணை "முதன்மை எண்"னு எழுதுவீங்க இல்லையா, உங்களுக்கு "கடைக்குறை முதன்மை எண்" உறுத்தாம இருக்கான்னு சொல்லுங்க, உறுத்தலைன்னா ரெண்டு வடிவத்தையும் கலைச்சொல் பட்டியல்ல சேர்த்துடலாம்.