அடையாறு உள்தெருவுல ஆறுமணிக்குருவி, எப்படித் தேடுறது?

காந்தி நகர் பக்கம் ஒரு தெருவுல ஆறுமணிக்குருவி வந்திருக்குன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தாங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல, காலைல ஏழரை மணிக்குப் போயி ஒவ்வொரு மரமா பைனாக்குலர் வச்சுப் பார்த்தும் காக்காவும் மைனாவும்தான். வீட்டுக்காரங்க வேற ஒரு மாதிரி பார்க்குறாங்க. எங்க தேடணும், அவங்ககிட்ட எப்படிப் பேசணும்?

பதில் 1
ப்ரோ, மரத்துல இல்ல, தரையில பாருங்க. சருகு கிடக்குற இடத்துல, பூந்தொட்டிக்குப் பின்னாடி, காம்பவுண்ட் ஓரமா தத்தித் தத்திப் போயி புழு பூச்சி கிளறித் தின்னுட்டு இருக்கும். மைனாவை விடச் சின்னது, குட்டை வாலு, பச்சை முதுகு, வால் அடியில நல்ல சிவப்பு. ஏழரைன்னா லேட், விடியறப்பவும் பொழுது சாயுறப்பவும்தான் ரெண்டு தட்டா விசில் அடிக்கும், முதல்ல காதுல விழணும், அப்புறம்தான் கண்ணுல படும். மழைக்காலத்துல இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு அக்டோபர் வாக்குல தெற்க வருது, சிலது இலங்கை வரைக்கும் போகுது. ராத்திரில பறந்து வர்றதால களைச்சுப்போயி நம்ம வீட்டுத் தோட்டத்துலயே இறங்கிடும். தெருவுல கிடைக்கலன்னா தியசாபிகல் சொசைட்டி தோட்டம், கிண்டி பக்கம் பாருங்க.

பதில் 2
நான் அந்த ஏரியாதான். குருவி பார்க்க வர்றவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல சார், ஆனா பெரிய லென்ஸை பால்கனி பக்கம் திருப்பினா வீட்டுல இருக்குறவங்களுக்கு பயமாத்தானே இருக்கும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொல்லுங்க, போன்ல அந்தக் குருவி போட்டோவைக் காட்டுங்க. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி போட்டோ பார்த்ததும் "இது எங்க கிணத்தடியில தினம் வருதேப்பா"ன்னு கேட்டைத் திறந்து விட்டாங்க.

பதில் 3
முக்கியமான ஒண்ணு, தயவுசெஞ்சு போன்ல அதோட சத்தத்தைப் போட்டு வரவழைக்காதீங்க. இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு நெனச்சு அது வெளிய வரும், காக்கா விரட்டும், ஏற்கனவே அத்தனை தூரம் பறந்து வந்த ஜீவன். கண்ணாடி ஜன்னல்ல மோதி விழுந்து கிடந்தா காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு மூடி இருட்டா வைங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. தெளிஞ்சதும் காக்கா இல்லாத இடமாப் பார்த்து விட்டுடலாம், எழுந்திருக்கலன்னா வனத்துறைக்குச் சொல்லிடுங்க.

கேட்டவர்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே போறேன், கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும். பார்த்தா தெரு பேர் போடாம ஏரியா மட்டும் சொல்றேன்.