ஐயாயிரம் ரூபாய்க்குள் பென் டேப்லெட், கல்யாண ஆல்பம் ரீடச்: அனுபவங்களைப் பகிருங்கள்

ஆல்பம் டிசைனர்:

முக ரீடச்சுக்கும் (பரு, திட்டு சரிசெய்வது) மாஸ்க் வேலைக்கும் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது) திரையில்லாத சின்ன டேப்லெட்டே, அதாவது பேனாவால் வரையும் பலகையே தாராளம். ஹூயான் எச்640பி, எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640, ஒன் பை வாக்கம் சிறியது, எதை எடுத்தாலும் வரையும் பரப்பு ஏறக்குறைய 6×4 அங்குலம். பெட்டியில் 8192 பிரஷர் லெவல் (பேனா பிரித்தறியும் அழுத்தப் படிகள்) என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஒன் பை வாக்கமில் 2048தான். ரீடச்சில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு லேசாகத் தொட்டால் முதல் புள்ளி விழுகிறது என்பதுதான் கைக்குத் தெரியும். வாங்குமுன் பார்க்க வாய்ப்பிருந்தால் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, அதன் சொந்த எடையில் மட்டும் இழுத்துப் பாருங்கள். அதற்கே கோடு விழுந்தால் நல்ல பேனா. அழுத்தினால்தான் விழும் என்றால் கன்னத்தில் வேலை செய்யும்போது திட்டுத் திட்டாக வரும்.

பொருத்தியதும் முதல் வேலை மேப்பிங், அதாவது பலகையின் பரப்பைத் திரையோடு பொருத்துவது. எச்640பி பரப்பு 160×100 மி.மீ., அதாவது 16:10. மானிட்டர் பெரும்பாலும் 16:9. அப்படியே விட்டால் கை வட்டம் போடும், திரையில் அது பக்கவாட்டில் சுமார் 11% விரிந்திருக்கும். டிரைவரில் (டேப்லெட்டை இயக்கும் மென்பொருள்) பரப்பை 160×90 ஆக்கினால் தீர்ந்தது. கீழே 10 மி.மீ. வீணாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் டேப்லெட்டை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

160 மி.மீ. அகலத்தில் 1920 பிக்சல் என்றால் கை 1 மி.மீ. நகர்ந்தால் கர்சர் 12 பிக்சல் தாவும். முடி இழைக்கு 200% ஜூம் வைத்தால் அது படத்தில் 6 பிக்சல்தான், சமாளிக்கலாம். 4கே மானிட்டரில் அதே பலகை 24 பிக்சல் தாவும், கை நடுங்குவது போலவே இருக்கும். அங்கே மட்டும் எக்ஸ்பி-பென் டெகோ 01 மாதிரி 10 அங்குலப் பரப்புக்குப் போகலாம்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்:

"கர்சர் ஓடுது, பிரஷர் வரலை" என்று கேட்பவர்கள் பேனாவைக் குறை சொல்லுமுன் டிரைவரில் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் சொந்தப் பேனா வசதி) டிக் இருக்கிறதா பாருங்கள். போட்டோஷாப் இயல்பாக அந்த வழியில்தான் பிரஷரைக் கேட்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் பிரஷ் பேனலில் பென் பிரஷர் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் வந்து நிற்கும்.

இங்க் வேண்டாம், விண்டேப் என்ற பழைய பேனா இணைப்பு முறைதான் வேண்டும் என்றால் போட்டோஷாப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் 'பிஎஸ்யூசர்கான்ஃபிக்' என்ற பெயரில் ஒரு நோட்பேட் ஃபைல் போட்டு, அதில் 'யூஸ்சிஸ்டம்ஸ்டைலஸ் 0' என்ற வரியை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். 0-க்கு முன் ஓர் இடைவெளி, மற்றபடி ஒட்டி எழுதுங்கள். இரண்டில் ஒன்றுதான், டிரைவரில் இங்க் டிக்கும் இருந்து இந்த ஃபைலும் இருந்தால் மறுபடியும் பிரஷர் போய்விடும்.

பேனாவை ஊன்றினால் கர்சரைச் சுற்றி வளையம் வருகிறதா? அது 'அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக்' வசதி. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் போய் அதை அணையுங்கள். ஒவ்வொரு தீற்றலின் தொடக்கத்திலும் வரும் தாமதம் அதோடு போகும்.

இன்னொன்று. வேறு பிராண்டின் பழைய டிரைவர் இருந்தால் முதலில் அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு புதியதைப் போடுங்கள். விண்டேப் ஃபைல் எல்லா பிராண்டுக்கும் ஒரே பெயர்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் இரண்டுமே ஒழுங்காக ஓடாது.

ரீடச்சர்:

டாட்ஜ் அண்ட் பர்னுக்குத்தான் (முகத்தில் சின்னச் சின்ன இடங்களை வெளுப்பாக்கி, கருப்பாக்கிச் சமன்செய்வது) பேனா காசு கொடுத்து வாங்கும் பொருளாகிறது. ஆல்ட் பிடித்து நியூ லேயர் பட்டனை அழுத்தி, மோடு சாஃப்ட் லைட், 50% கிரே நிரப்பும் டிக். பிரஷ் ஹார்ட்னஸ் (ஓரக் கூர்மை) 0, ஒபாசிட்டி (ஒரு தீற்றலின் உச்ச அடர்த்தி) 100, ஃப்ளோ (ஒவ்வொரு புள்ளியிலும் விழும் வண்ண அளவு) 2 முதல் 4. பிரஷ் செட்டிங்ஸில் டிரான்ஸ்ஃபர் பகுதியில் ஃப்ளோவுக்கு மட்டும் பென் பிரஷர். ஒபாசிட்டிக்கும் சேர்த்துக் கொடுத்தால் லேசான தொடுதல் இரண்டு தடவை குறைக்கப்பட்டு ஒன்றுமே விழாது. உடனே கை தானாக அழுத்தும், தீற்றலின் முடிவில் பொட்டு மாதிரி திரளும். பிரஷ் அளவை அழுத்தத்தோடு மாற்றும் ஷேப் டைனமிக்ஸ் அணைந்திருக்கட்டும்.

ஸ்பேசிங் (பிரஷ் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்) இயல்பாக 25%. பூச்சு வழுவழுப்பாக வேண்டுமென்று 10-க்குக் குறைத்தால் ஒரே தூரத்தில் அதிகப் புள்ளிகள் விழும், அதனால் ஃப்ளோவையும் குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் முகத்தை மெழுகாக்குகிறார்கள். மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் வைத்து, 50% ஜூமில் செய்யுங்கள். 200%-ல் உட்கார்ந்து கன்னத்தைத் தேய்த்தால் தோல் துளைகளைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

பருவை அழிக்கும் ஹீலிங் பிரஷ்ஷில் நிலைமை தலைகீழ். அதன் பிரஷ் மெனுவின் அடியில் சைஸுக்கு பென் பிரஷர் இயல்பாகவே போட்டிருக்கும். லேசாகத் தொட்டால் வட்டம் பருவைவிடச் சின்னதாகி, சுற்றி ஒரு வளையம் மிஞ்சும். அதை 'ஆஃப்' செய்துவிடுங்கள்.

ஆல்பம் டிசைனர்:

பருவுக்குச் சரி. ஆனால் மாஸ்க்கில் சைஸ் பிரஷர் இல்லாமல் முடியாது. பறக்கும் முடிக்கு 3 முதல் 5 பிக்சல் பிரஷ், சைஸுக்கு பிரஷர், ஒபாசிட்டிக்கு வேண்டாம். வேரிலிருந்து நுனிக்கு இழுத்தபடியே பேனாவைத் தூக்குங்கள், நுனி தானாக மெலியும். மல்லிகைச் சரத்தின் ஓரமும் இப்படித்தான். ஸ்மூத்திங் இங்கே 10, 15 இருக்கலாம். விலை குறைந்த பலகைகளில் மெதுவாகப் போடும் சாய்கோடு நெளியும், அதை இது மறைக்கும். டாட்ஜ் அண்ட் பர்னில் 0.

12×36 அங்குல ஆல்பம் ஷீட்டிலேயே ரீடச் செய்யாதீர்கள். 300 டிபிஐயில் அது 10,800×3,600 பிக்சல். பிரஷ் கைக்குப் பின்னால் இழுபடும், பழி டேப்லெட் மேல் விழும். முகத்தைத் தனி ஃபைலில் முடித்துவிட்டு ஷீட்டில் வையுங்கள்.

லினக்ஸ், டார்க்டேபிள்:

டார்க்டேபிளில் (இலவசப் படத் திருத்த மென்பொருள்) பிரஷ் மாஸ்க்குக்கு பிரஷர் தானாக வேலை செய்யாது. ப்ரெஃபரன்ஸஸில் பேனா அழுத்தம் எதை மாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒபாசிட்டி ரிலேட்டிவ் நன்றாக இருக்கிறது. இன்னொரு இலவச மென்பொருளான ஜிம்ப் 2.10-ல் இன்புட் டிவைசஸ் போய் பேனாவின் மோடை 'ஸ்க்ரீன்' ஆக்கி, டைனமிக்ஸில் பிரஷர் ஒபாசிட்டி எடுங்கள். வாக்கம் அல்லாத பலகை லினக்ஸில் முரண்டு பிடித்தால் ஓப்பன்டேப்லெட்டிரைவர் இருக்கிறது, இலவசம்.

மேக்:

பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் அக்சசிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு பேனா செத்துப்போனால் பட்டியலிலிருந்து டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

ரீடச்சர்:

நிப், அதாவது பேனாவின் முனை பற்றி யாரும் சொல்லவில்லை. சொரசொரப்பான பரப்பு நிப்பை ஒரு பக்கமாகத் தேய்த்து உளி மாதிரி ஆக்கும், அந்த விளிம்பு பிறகு பரப்பைக் கீறும். அதனால் தட்டையாவது கண்ணில் பட்டதுமே மாற்றிவிடுங்கள். கை கனமாக இருந்தால் டிரைவரில் பிரஷர் கர்வை 'சாஃப்ட்' பக்கம் நகர்த்துங்கள், குறைந்த அழுத்தத்திலேயே வேலை நடக்கும், நிப்பும் அதிக நாள் வரும். பழைய ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அளவாக வெட்டிப் பரப்பின் மேல் நான்கு மூலையில் ஒட்டினாலும் தேய்மானம் குறையும். பேனாவைப் பலகை காந்தப்புலத்தால் உணர்வதால் பிளாஸ்டிக் ஷீட் தடையாகாது. இரும்பு மேசைதான் தொந்தரவு, கர்சர் துடிக்கும். அடியில் ஒரு மரப்பலகை கொடுங்கள்.

எச்640பி-யில் மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட். கேபிளை இழுத்து இழுத்து அது தளர்ந்தால் டேப்லெட் இடையிடையே துண்டிக்கும். வாங்கிய அன்றே கேபிளைப் பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் இழுவிசை சாக்கெட்டுக்குப் போகாது.