மறு: மேன்டிஸ் ஷ்ரிம்ப் – "கும்பிடு இறால்" போதுமா?

குழுவினருக்கு வணக்கம். மேன்டிஸ் ஷ்ரிம்ப் என்னும் கடல் பிராணிக்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்று நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடித்து வைத்திருக்கிறது, பார்வைக்கு இறால். "கும்பிடு இறால்" போதாதா?

போதாது. கும்பிடு சரி, இறால்தான் இடிக்கிறது. இறாலும் நண்டும் பத்துக்காலிகள். இதுவோ ஸ்டோமட்டோபோடா என்னும் தனி வரிசை, 450க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. வகைப்பாட்டுப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடலே இல்லாத எங்கள் கிருஷ்ணகிரியில் உப்புநீர்த் தொட்டி வைக்கப் புதிதாக ஆசைப்படுபவர், பெயரில் இறாலைப் பார்த்தால் மீன்களோடு சேர்த்து விட்டுவிடுவார். மீன் உடலைத் துப்புரவு செய்யும் சாதுவான இறால்களும் கடையில் கிடைக்கின்றனவே! இதை அப்படி விட்டால் நத்தையும் நண்டும் போய் ஓட்டுச் சில்லுதான் மிஞ்சும். இதற்குத் தனித்தொட்டிதான்.

> ஸ்டோமட்டோபோடா என்றால் வாய், கால். நேராக "வாய்க்காலி" எனலாமே?

கணவாய்க்குத் தலைக்காலி, நத்தைக்கு வயிற்றுக்காலி என்ற பெயர்கள் இருக்கும்போது இதற்கும் இடமுண்டு. ஆனால் எங்கள் கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணைப் பாசனத்து விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், இடது வாய்க்காலா வலது வாய்க்காலா என்று கேட்பார்.

> இதில் பல வண்ணம் கொண்ட மயில் வகையின் அடியைப் பார்த்தவர் "சம்மட்டிக்காலி" என்றுதான் சொல்வார்.

எனக்கும் இதன்மேல்தான் ஆசை. கருங்கல் குவாரி மாவட்டத்துக்காரனுக்குச் சம்மட்டியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் குவாரிச் சம்மட்டி தோள்வலிவில் இறங்குகிறது, இதன் கால் அப்படி இல்லை. தசை மெதுவாகச் சுருங்கி, சேணம் போல் வளைந்த ஓட்டுப் பகுதியில் விசையைச் சேமிக்கிறது. கொக்கி விடுபட்டதும் கால் பாய்கிறது. உயிரியலாளர் ஷீலா படேக் குழுவினர் 2004இல் அளந்தபோது மயில் வகையின் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை போனது. அந்த வேகத்தில் நீரில் குமிழி உண்டாகி நொறுங்குவதால், நத்தை ஓட்டின் மேல் இரண்டாவது அடியும் விழுகிறது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் முழு வரிசைக்கும் இந்தப் பெயரை வைக்க முடியாது. நம் கடற்கரையில் இழுவலைகளில் சிக்குபவை பெரும்பாலும் சம்மட்டி இல்லாதவை. முள் வரிசை கொண்ட காலை நீட்டி, ஓடிவரும் இரையைக் குத்திப் பிடிப்பவை. எனவே என் முன்மொழிவு: வரிசைக்குக் கும்பிடுகாலி. அதற்குள் சம்மட்டி வகை, ஈட்டி வகை. தொட்டிக்காரர்கள் தேடும் வண்ணக்காரன் மயில் கும்பிடுகாலி. மடித்த கால் இரு வகைக்கும் பொது என்பதால் யாரும் விடுபடுவதில்லை.

> "காலி" என்றால் போக்கிரி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

எடுத்துக்கொள்ளட்டும். இந்தப் பிராணியைப் பொறுத்தவரை அதில் பிழை காண மாட்டேன்.

சொல் நிற்குமா என்று, நாம் தொகுக்கும் கையேட்டுக்கான வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

"கும்பிடுகாலித் தொட்டிக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் குடிநீரானாலும் குளோரின் இருக்கும். எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் வைக்கவும். செம்பு கலந்த மீன் மருந்து கூடவே கூடாது, இறாலுக்கும் கும்பிடுகாலிக்கும் அது நஞ்சு."

"மேலோடு கழற்றும் காலத்தில் கும்பிடுகாலி வளையின் வாயை அடைத்துக்கொள்ளும். செத்துவிட்டதோ என்று கல்லைப் புரட்டாதீர்கள். புது ஓடு இறுகும்வரை அதன் அடிக்கு வலுவில்லை."

எனக்குத் தடையின்றி ஓடுகிறது. 'மேலோடு கழற்றல்' மட்டும் கொஞ்சம் நீளம். பாம்புக்குச் சொல்வதுபோல 'சட்டை உரித்தல்' என்றே எழுதிவிடலாமா? கடலோர நண்பர்கள் நண்டுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.