எழுத்தாளரும் அவர் படைச்ச ஆளும் ஒரே ஷொட்டில

கேள்வி: ரீவி நாடகம். எழுத்தாளரை அவர் எழுதின கொலைகாரனே வந்து வெருட்டுறான். ரெண்டு வேசமும் ஒரே நடிகர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில (நடுவில முற்றம் இருக்கிற வீடு), ஒரே மேசையில ரெண்டு பேரையும் எப்பிடி எடுக்கிறது?

பதில்: கமராவை ட்ரைபொட்டில இறுக்கி, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) மூண்டையும் மனுவலில விடுங்கோ. முதல் எழுத்தாளர் பக்கம், பிறகு மற்றவன்ர பக்கம், கடைசியா ஆளில்லாம 10 செக்கன். எடிட்டிங்கில ரெண்டு பாதியையும் ஒட்டுற வெட்டுக்கோடு தூணில விழுந்தா ஒட்டுத் தெரியாது. நடிகர்ர நிழல் அந்தக் கோட்டைத் தாண்டினா திருப்பித்தான் எடுக்கவேணும்.

பதில்: முற்றத்து வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், ரெண்டு பாதியும் பொருந்தாது. இரவில எடுங்கோ. ஃபானையும் நிப்பாட்டுங்கோ, மேசையில தாள் ஆடும்.

பதில்: எதிர்க் கதிரையில, கண் உயரத்துக்கு ஒரு தடி நட்டு டேப் ஒட்டுங்கோ, பார்வை பிசகாது. முதல் எடுத்த வசனத்தை இயர்போனில கேட்டு நடிக்க விடுங்கோ. புகை வேண்டாம், கொலைகாரன் இமைக்காம இருந்தாலே பயம் வரும்.