கலைச்சொல்: சூப்பர்மரீன் 224 விமானத்தின் ‘எவாப்பரேட்டிவ் கூலிங்’

வணக்கம். பிரிட்டிஷ் விமான அமைச்சகம் புதிய சண்டை விமானம் கேட்டு வெளியிட்ட எஃப்.7/30 கோரிக்கைக்காக ஆர்.ஜே. மிட்செல் வடிவமைத்த சூப்பர்மரீன் 224 சண்டை விமானத்தைப் பற்றிய கட்டுரையில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 1934 பிப்ரவரி 19 அன்று முதலில் பறந்த அந்த முன்மாதிரியின் ரோல்ஸ் ராய்ஸ் கோஷாக் எஞ்சின் இம்முறையில்தான் குளிர்ந்தது. ‘ஆவியாதல் குளிர்விப்பு’ போதுமா?

————

> ஆவியாதல் குளிர்விப்பு

வேண்டாம் ஐயா. அது மண்பானைக்கும் ஏர்கூலருக்கும் உரியது. அங்கே ஆவியான நீர் காற்றோடு போய்விடும். கோஷாக்கில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

எஞ்சினுக்குள் நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காது. வெளியே வந்து அழுத்தம் குறைந்ததும் ஒரு பகுதி நீராவியாகும். அந்த ஆவி இறக்கையின் முன்விளிம்புத் தகட்டுக்குள் ஓடிக் குளிர்ந்து நீராகும். சக்கரக்கால் உறைகளில் தேங்கும். அங்கிருந்து பம்பு அதை மேலே ஏற்றும். காற்றைத் தடுக்கும் ரேடியேட்டர் தேவையில்லை என்பதே கவர்ச்சி. கணக்கும் சாதகம்தான்: ஒரு கிலோ நீரை 20 பாகை சூடேற்ற சுமார் 84 கிலோஜூல், கொதிக்கவைத்து ஆவியாக்கவோ சுமார் 2,257. அந்த உள்ளுறை வெப்பத்தை நம்பித்தான் இறங்கினார்கள்.

என் பரிந்துரை: ‘கொதிப்புக் குளிர்விப்பு’.

————

‘கொதிப்பு’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. இந்த விமானம் தோற்றது கொதிப்பதில் அல்ல, நீர் திரும்புவதில். மேலிறக்கை உள்ள இருதள விமானமென்றால் ஆவி குளிர்ந்து உண்டான நீர் தானே கீழே வடிந்துவிடும். 224 தாழ்இறக்கை விமானம். நீர் எஞ்சினுக்குக் கீழே தேங்குவதால் பம்பு கட்டாயம். தேங்கிய நீரோ கொதிநிலைக்கு மிக அருகில் இருக்கும். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அது அங்கேயே ஆவியாகிவிடும். பம்பு வெறுமனே சுற்றும். உயரம் இதை மோசமாக்கும்: 15,000 அடியில் நீர் ஏறக்குறைய 85 பாகையிலேயே கொதிக்கும். முழு விசையில் மேலேறும்போது சிவப்பு விளக்கு எரியும். விமானி ஏறுவதை நிறுத்திச் சமமாகப் பறந்து ஆறவிட வேண்டும். சண்டை விமானத்துக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை.

ஆகவே ‘ஆவிச்சுழற்சிக் குளிர்விப்பு’ என்பேன். பம்பில் நேரும் கோளாறுக்கு ‘ஆவியடைப்பு’. பம்புசெட்டில் ‘காத்து அடைச்சிருச்சு’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

————

‘ஆவிச்சுழற்சி’க்கு என் வாக்கும். ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் ‘கண்டென்சர்’ மட்டும் பாக்கி. தமிழகப் பாடநூல்கள் ‘ஆவி சுருங்குதல்’ என்கின்றன. அதிலிருந்து கருவிப்பெயர் எளிதில் பிறக்காது. இலங்கை வழக்கின் ‘ஒடுக்கம்’ தரும் ‘ஒடுக்கி’ சிறியது, ஒட்டுகளையும் தாங்கும்: இறக்கை ஒடுக்கி, ஒடுக்கித் தகடு.

கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. தோல்விப் பழி முழுவதையும் குளிர்விப்பின் மேல் போட வேண்டாம். தடித்த இறக்கையும் உறையிட்ட நிலையான சக்கரக்கால்களும் சேர்ந்தே வேகத்தைத் தின்றன. மணிக்கு 245 மைல் எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது 228; 15,000 அடி ஏற ஒன்பதரை நிமிடம். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கிளாஸ்டர் கிளாடியேட்டர் விமானம் எஃப்.7/30 ஒப்பந்தத்தை வென்றதை இந்த எண்களோடு சேர்த்துச் சொல்லுங்கள்.