பாட்டு வகுப்பை விட்ட மகளுக்கு வீட்டில் எதைக் கேட்கக் கொடுப்பது?

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 7 வயது. 3 மாதம் பாட்டு வகுப்புக்குப் போனாள். தொடக்கப் பாடமான சரளி வரிசை முடிவதற்குள்ளேயே சனிக்கிழமை வந்தால் வயிறு வலிக்கிறது என்று அழத் தொடங்கிவிட்டாள். நிறுத்திவிட்டேன். ஆனால் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் உறுமி மேளம் கேட்டதும் என் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றவள், அரை மணி நேரம் நகரவில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. காரில் மின்னல் எஃப்எம் வானொலி கேட்பதோடு சரி. அவள் பாடகியாக வேண்டாம், கேட்டு ரசிக்கத் தெரிந்தால் போதும். எங்கிருந்து தொடங்குவது?

பிரிக்பீல்ட்ஸ் தாத்தா:
அந்த உறுமியிலிருந்தே தொடங்குங்கள், அம்மா. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுமுகத்தை அடிக்கிறார்கள். உறுமல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளிடம் கேளுங்கள். நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

என் பேரனுக்கு ஒரு மாதம் முழுக்க மோகனம் என்ற ஒரே ராகத்தை மட்டும்தான் போட்டேன். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். காலையில் பள்ளி பஸ் வரும்வரை பத்து நிமிடம், அவ்வளவுதான். ராகத்தின் பெயரைக்கூட இரண்டாம் வாரம்தான் சொன்னேன். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வைத்திருந்த பழைய பாட்டைக் கேட்டு, "தாத்தா, இது நம்முடைய மோகனம்!" என்று ஓடிவந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீன மரபிசையிலும் இதே ஐந்து ஸ்வர அடுக்கு பெருவழக்கு. ஸ்வரம் ஒன்றானதால் ராகமும் ஒன்றாகிவிடாது. ஆனால் பிள்ளையின் காது சரியான இடத்தைப் பிடித்துவிட்டது.

செந்தூல் அப்பா:
ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் மகனிடம் ஒரே ராகம் எடுபடவில்லை, ஐந்தாம் நாளே காதைப் பொத்திக்கொண்டான். கைக்கு வேலை கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தான். ஆதி தாளம்: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணுவது, பிறகு தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் 8. பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் பின்சீட்டில் போட்டுக்கொண்டே வருவான். தப்பினால் நான் திருத்துவதில்லை, பாட்டே அவனை இழுத்துக்கொள்கிறது.

நேரிலும் காட்டுங்கள், சகோதரி. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலில் தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருப்பதையும் இடக்கையில் குச்சி பிடித்திருப்பதையும் பார்த்த நாள் முதல், வானொலியில் தவில் கேட்டாலே என் மகன் "இது விரல், இது குச்சி" என்று பிரித்துச் சொல்கிறான்.

பட்டர்வொர்த் அம்மா:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கைப்பேசியில் உறுமி காட்சி ஒன்றைப் போட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "தேய்க்கிற பக்கம்தான் அழுகிறது, அம்மா" என்றாள். வயிற்றுவலி பற்றிப் பேச்சே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போகிறேன். குயின் தெரு மாரியம்மன் கோவிலில் நாதஸ்வரம் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.