டாக்கர்ஃபைல் எழுதாமல் ஜாவா இமேஜ்: எங்கே சறுக்கும்? (அனுபவப் பகிர்வு)

சுமைதாங்கி:
ஸ்ப்ரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) அப்ளிகேஷனை, டாக்கர்ஃபைல் (இமேஜ் கட்டும் படிகளை எழுதும் கோப்பு) இல்லாமல் இமேஜாகப் பொதிந்து, கன்டெய்னரில் (அந்த இமேஜ் தனித்து ஓடும் பெட்டி) ஏற்ற இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, கூகுள் 2018-ல் வெளியிட்ட ஜிப் (Jib; ஃபைலைச் சுருக்கும் ஜிப் அல்ல). மற்றது பில்ட்பேக் (கோடைப் பார்த்துத் தானே இமேஜ் கட்டும் கருவி), ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்தில் 2011-ல் பிறந்த யோசனை, ஸ்ப்ரிங் பூட் 2.3 முதல் மேவன் என்ற பில்ட் கருவியிலேயே ‘பில்ட்-இமேஜ்’ என்ற ஒரே கட்டளையில் கிடைக்கிறது. ‘சூப்பரா இருக்கு’ என்று மட்டும் எழுத வேண்டாம். என்ன பிழை, ஏன் வந்தது, எதை மாற்றினால் தீரும், அதைப் போடுங்கள்.

நூலிழை:
பில்ட்பேக்கில் முதல் அடி மெமரியில்தான் விழும். லேப்டாப்பில் ஓடும் இமேஜ், 512 எம்பி வரம்பு வைத்த இடத்தில் எழும்பவே எழும்பாது. லாகில் ‘ஃபிக்ஸ்டு மெமரி ரீஜன்ஸ்’ என்று தொடங்கும் வரி இருக்கும். பக்கேட்டோ என்ற திட்டத்தின் ஜாவா பில்ட்பேக், ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) தொடங்குமுன் ஒரு மெமரி கணக்குப் போடுகிறது: 250 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), ஆளுக்கு 1 எம்பி ஸ்டாக், ஆக 250, கோட் கேஷ் (கம்பைல் ஆன கோடுக்கு) 240, டைரக்ட் மெமரி (ஹீப்புக்கு வெளியே) 10. இதிலேயே 500 போய்விட்டது. மெட்டாஸ்பேஸுக்கு (கிளாஸ் விவரங்களுக்கான இடம்) மிச்சம் 12 எம்பி, ஹீப்புக்கு (நம் ஆப்ஜெக்ட்கள் இருக்கும் இடம்) பூஜ்யம். கணக்கு உதைக்கிறது, கன்டெய்னர் நின்றுவிடுகிறது.

‘பிபிஎல்_ஜேவிஎம்_த்ரெட்_கவுன்ட்’ என்ற என்விரான்மென்ட் மாறியை 50 ஆக்கினால் ஒரே அடியில் 200 எம்பி மிச்சம். இமேஜைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, ஓட்டும்போது கொடுத்தால் போதும்.

கேள்வியின்நாயகன்:
அப்போ டாம்கேட்டும் (ஸ்ப்ரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வர்) 50 த்ரெட்டோடு நின்றுவிடுமா ப்ரோ?

நூலிழை:
நிற்காது, வம்பே அங்கேதான். அந்த எண் கணக்குக்கு மட்டும். டாம்கேட் தன்பாட்டுக்கு 200 வரை போகும். நெரிசல் நேரத்தில் நினைத்ததைவிட மெமரி ஏறி, கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு (வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டதற்கான குறி) சாகும். ‘சர்வர்.டாம்கேட்.த்ரெட்ஸ்.மேக்ஸ்’ மதிப்பையும் சேர்த்துக் குறையுங்கள், 30 போல. மீதி 20 மற்ற வேலைகளுக்கு.

அடுக்குமாடி:
ஜிப் பக்கம். ‘ஜிப்:பில்ட்’ மட்டும் அடித்தால் பழைய கிளாஸ் ஃபைல்களே ஏறும், முன்னால் ‘கம்பைல்’ கட்டாயம். டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) தேவையில்லை, ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களை வைக்கும் கிடங்கு) நேராகத் தள்ளிவிடும். லைப்ரரி ஒரு லேயர் (இமேஜின் அடுக்கு), ரிசோர்ஸ் ஒரு லேயர், நம் கிளாஸ்கள் ஒரு லேயர் என்று பிரிப்பதால், ஒரு வரி திருத்தினால் அந்தக் கடைசி லேயர்தான் போகும். மொத்த ஜாரையும் (அப்ளிகேஷனும் லைப்ரரிகளும் சேர்ந்த ஒரே ஃபைல்) காப்பி செய்யும் டாக்கர்ஃபைலில் ஒவ்வொரு முறையும் முழு ஜாரும் போகும்.

இமேஜ் பட்டியலில் ‘ஐம்பது சொச்சம் வருடம் முன் உருவானது’ என்று காட்டினால் பதறாதீர்கள். ஒரே கோடுக்கு ஒரே ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) வர வேண்டும் என்று ஜிப் தேதியை 1970 ஜனவரி 1 என்று வைக்கிறது (பில்ட்பேக்கில் 1980). பதற வேண்டியது வேறொன்றுக்கு. ‘30 நாளுக்கு மேல் பழையதை அழி’ என்று ப்ரூன் (பழைய இமேஜ் நீக்கும்) ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரில், பயன்பாட்டில் இல்லாத ஜிப் இமேஜ், நேற்று கட்டியதானாலும் போய்விடும். ரோல்பேக் (முந்தைய பதிப்புக்குத் திரும்புவது) செய்யப் போகும்போதுதான் தெரியும். எண்ணிக்கை வைத்து அழியுங்கள்: கடைசி 5 இருக்கட்டும், மற்றது போகட்டும்.

எழுத்தாணி:
தமிழில் பிடிஎஃப், ரிப்போர்ட் எடுப்பவர்களுக்கு மட்டும். லேப்டாப்பில் ஒழுங்காக வந்த தமிழ், கன்டெய்னரில் கெட்டால் முதலில் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை. கேள்விக்குறியாக வந்தால் என்கோடிங் (எழுத்தை பைட்டுகளாக மாற்றும் முறை) சிக்கல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கேள்விக்குறிக்கு ஃபான்ட் ஏற்றிக்கொண்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கேள்விக்குறி ஆன எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது, எந்த ஃபான்ட்டும் மீட்காது.

ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 18-க்கு முன்புவரை, ஜாவா தன் என்கோடிங்கை இயங்குதளத்தின் லொகேலிலிருந்து (மொழி அமைப்பு) எடுக்கும். ‘லாங்’ மாறி அமைக்காத பேஸ் இமேஜில் (நம் இமேஜுக்கு அடித்தளமானது) அது யூடிஎஃப்-8 ஆக இராது. ‘லாங்’ மதிப்பை ‘சி.யூடிஎஃப்-8’ என்று கொடுங்கள். 18 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு.

ஃபான்ட் கதை ஜிப்பில் கொஞ்சம் சுற்று. அதில் டாக்கர்ஃபைலின் ‘ரன்’ கட்டளை கிடையாது, ஆப்ட் (லினக்ஸில் பேக்கேஜ் நிறுவும் கருவி) ஓட்ட முடியாது. ஆகவே நான்கு வரி டாக்கர்ஃபைலில் ஒரு பேஸ் இமேஜ்: டெமுரின் (தயாராகக் கிடைக்கும் ஜாவா இமேஜ்) மேல் ஃபான்ட்கான்ஃபிக் (ஃபான்ட்டைத் தேடித் தரும் பேக்கேஜ்), ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல் (fonts-lohit-taml, தமிழ் ஃபான்ட்) இரண்டும். அதை ரெஜிஸ்ட்ரியில் வைத்து ஜிப்பின் ‘ஃப்ரம்’ பகுதியில் காட்டுங்கள். டாக்கர்ஃபைலே வேண்டாம் என்று வந்தவர்களுக்கு ஒன்று மிஞ்சத்தான் செய்கிறது :)

சுமைதாங்கி:
அந்த பேஸ் இமேஜில் செக்யூரிட்டி பேட்ச் வந்தால்?

அடுக்குமாடி:
ஜிப்பில் ஒவ்வொரு அப்ளிகேஷனையும் திரும்பக் கட்ட வேண்டும். பில்ட்பேக் ஜெயிப்பது இங்கேதான்: ‘பேக் ரீபேஸ்’ அடித்தால் அடி லேயர் மட்டும் மாறும், கோட் தொடப்படாது. இருபது முப்பது சர்வீஸ் வைத்திருப்பவர்கள் இதற்காகவே பில்ட்பேக் பக்கம் போகலாம். ஒன்றிரண்டுதான் என்றால் ஜிப்பே வேகம்.

நூலிழை:
ரீபேஸ் புதிய இமேஜைத்தான் தரும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. டிப்ளாய்மென்ட்டில் பழைய டைஜஸ்டை (இமேஜின் ஹாஷ் அடையாளம்) குறித்து வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.